ரெண்டு டின் அரிசியும் அஞ்சு ஆம்பிளையும்

தாராவி ஏஞ்சலம்மாள் பிச்சை எடுத்தாள். அறுபத்தாறாம் வருஷத்து மழையில், கோயில் பிடியரிசிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்பது வீடு ஏறி இறங்கினாள். புருஷன் குடித்தே அழித்துவிட்டான், அடுப்பில் பூனை தூங்கியது, பாவம், அவளுக்கு வேறு வழியில்லை.

இப்படித்தான் பேச்சு. கோவண்டியில் சொல்லும்போது நாற்பது வீடு அறுபது வீடாகிவிடும். தேவ்நாரில் அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தையையும் ஏற்றிவிடுவார்கள். அது யார் பெற்ற குழந்தை என்று கேட்டால் பதில் வராது. மறு வருஷம் கல்யாண் ஸ்டேஷன் பக்கம் ஒரு நிக்காஹ் பந்தியில் பக்கத்து இலைக்காரி சொன்னபோது, ஏஞ்சலம்மாள் பாட்டுப் பாடிக்கொண்டே வீடு வீடாகப் போனாளாம். அவள் பாடி அவள் பெற்ற பிள்ளைகளே கேட்டதில்லை.

இதில் மழை நிஜம். அரிசி நிஜம். மற்றதெல்லாம் வாய் புளித்தவர்கள் போட்ட உப்பும் காரமும். நடந்ததைச் சொல்கிறேன். கேட்டால் கோபம் வரும். வரட்டும், வரவேண்டிய கோபம்தான்.

ஏஞ்சலம்மாளுக்கு ஊர் திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கம். கல்யாணமாகிப் பம்பாய்த் தாராவிக்கு வந்து பதினோரு வருஷம். ஒற்றை அறைக் கோலி, தகரக் கூரை, இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் தனசீலன், கரீம் பாட்சாவின் தோல் கிடங்கில் தினக்கூலி. குடிப்பவர் அல்ல, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாராய வாடை பட்டாலே தும்முவார். அவருக்கு இருந்த போதை வேறு. நாலு பேர் முன்னால் எழுந்து நின்று 'நான் தருகிறேன்' என்று சொல்வதுதான் அவருடைய போதை. சொன்ன பிறகு ஒரு வாரத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருக்கும். தருவது எங்கிருந்து வரும் என்பது அவருக்குத் தெரியாது. அது ஏஞ்சலம்மாளின் டப்பாவிலிருந்து வரும்.

மழைக்காலம் வந்தால் தோல் காயாது. தோல் காயாவிட்டால் கிடங்கில் வேலை கிடையாது. வேலை இல்லாவிட்டால் கூலி கிடையாது. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை வாரத்துக்கு இரண்டு நாள் வேலை கிடைத்தால் பெரிது. இது தாராவியில் எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொரு வருஷமும் தெரியும், ஒவ்வொரு வருஷமும் புதுசாகத் திகைப்பார்கள்.

அறுபத்தைந்தாம் வருஷத்து ஜூலையில் சேர்ந்தாற்போல ஒன்பது நாள் மழை. வீட்டில் கடைசிப் பிடி அரிசி ஏழாம் நாள் தீர்ந்தது. எட்டாம் நாள், சந்தில் சினிமா போஸ்டர் ஒட்டுகிறவன் தன் வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பீடி வாங்கப் போனான். வாளியில் மைதாப் பசை. இளைய பெண், ஐந்து வயசு, அந்த வாளியில் விரல் விட்டு வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். ஏஞ்சலம்மாள் பார்த்தாள். போஸ்டர்காரன் திரும்பி வந்து பார்த்துச் சிரித்தான். "பசி போலருக்கு மவுசி" என்றான் இந்தியில். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, வாயைக் கழுவி, கதவைச் சாத்திக்கொண்டாள். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி ஒரு மழைக்கு என் பிள்ளை பசை நக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் எடுத்த முடிவு.

ஏஞ்சலம்மாள் போகும் வேதக்கோயில் சபையில் ஒரு பழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும் முன்னால் வீட்டுப் பெண் ஒரு பிடி எடுத்து ஒரு துணிப் பையில் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையைக் கோயிலில் கொண்டு வைக்கவேண்டும். கர்த்தருக்குப் பிடியரிசி. ஊரிலிருந்து ரயிலேறி வந்த பழக்கம், தாராவிச் சகதியிலும் கால் ஊன்றி நின்றது. ஏஞ்சலம்மாள் ஒரு வேளையும் தப்பவிட்டதில்லை. அந்த செப்டம்பரிலிருந்து அவள் இரண்டு பிடி எடுத்தாள். முதல் பிடி கோயில் பைக்கு. இரண்டாவது பிடி கட்டிலுக்கு அடியில் இருந்த சதுர எண்ணெய் டின்னுக்கு.

"ஏன் யக்கா, ரெண்டு கடவுளா கும்பிடுதிய?" என்று பக்கத்து வீட்டு சைனப் கேட்டாள். சைனபின் புருஷனும் அதே கிடங்கில்தான் தோல் சுமந்தார்.

"கர்த்தருக்குக் கோயில் இருக்கு, உபதேசியார் இருக்காரு, கமிட்டி இருக்கு. என் பிள்ளையளுக்கு ஜூலை மாசம் யாரு இருக்கா சொல்லு?"

அப்போது அரிசி என்ன மலிந்தா கிடந்தது? ரேஷனில் தலைக்கு அளந்து ஒரு கரண்டி அரிசியைக் காட்டிவிட்டு, மிச்சத்துக்கு கோதுமையும், அமெரிக்கக் கப்பலில் வந்த சிவப்புச் சோளமும் போட்டார்கள். மைலோ என்று பெயர். திருநெல்வேலி நாக்குக்கு அது ரம்பத்தூள். மற்ற வீடுகளில் அதைக் கோழிக்குப் போட்டார்கள். ஏஞ்சலம்மாள் எதிர்க் கோலி மராட்டிக்காரியிடம் உட்கார்ந்து பாக்ரி ரொட்டி தட்டக் கற்றுக்கொண்டாள். மைலோவை இடித்து, சலித்து, கருப்பட்டி போட்டுக் களி கிண்டினாள். பிள்ளைகளுக்கு ஒரு வேளை சோறு, ஒரு வேளை பாக்ரி. தனக்கு இரண்டு வேளையும் பாக்ரி. டீக்குச் சீனி கிடையாது. ரேஷன் சீனியை சைனபின் கொழுந்தன் டீக்கடைக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக அரிசி வாங்கினாள். மீன் கடையில் கேட்டு வாங்குவது தலை. புளியங்கொட்டையை வறுத்து உடைத்து வைப்பாள். ஆரஞ்சுத் தோலைக் கூரையில் காயவைத்துக் குழம்புக்குப் போடுவாள். மே மாச வெயிலில் கொத்தவரை, சுண்டை, கத்தரி என்று தகரக் கூரை முழுக்க வற்றல் காயும்.

அரிசியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. ரேஷன் அரிசி ஒரு மாசம்போல ஒரு மாசம் இருக்காது. ஒரு மாசம் பச்சை, ஒரு மாசம் புழுங்கல், ஒரு மாசம் கல்லைப் போலத் தடித்த சிவப்பு. கலந்து பொங்கினால் ஒன்று குழையும், ஒன்று முறைக்கும். அதனால் அவள் டின்னுக்குள் அடுக்கடுக்காக வைத்தாள். ஒரு ரகம் அரிசி, மேலே பழைய பேப்பர், வேப்பிலை, நாலு காய்ந்த மிளகாய். அதற்கு மேல் அடுத்த ரகம். எந்த அடுக்கை எவ்வளவு நேரம் ஊறவைக்கவேண்டும் என்பது அவள் தலைக்குள் இருந்தது. மே மாசத்தில் ஒரு டின் இரண்டாகி, இரண்டும் கழுத்து வரை நிறைந்தன.

தெருவில் அவளுக்குப் பட்டப்பெயர் பிசினாறி. குழாயடியில் கமிட்டிச் செயலாளர் ஆபிரகாமின் மனைவி ஜெயசீலி, நாலு குடத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுவாள். "ஏஞ்சலு வீட்டு எறும்பு நம்ம வீட்டுக்கு வந்துதான் சாப்பிட்டுட்டுப் போவுது." எல்லோரும் சிரிப்பார்கள். ஏஞ்சலம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பாள். ஒருநாள் மட்டும் திரும்பிச் சொன்னாள். "வரட்டும் மைனி. ஜூலையில அந்த எறும்பு திரும்பி வரும், நீங்களும் பின்னாலயே வருவிய." அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

மே மாசக் கடைசியில் சபையில் அசனம். வருஷத்துக்கு ஒருநாள் சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. பணக்காரன் ஏழை கிடையாது, எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வருஷம் அரிசிக்கு எங்கே போவது? பிடியரிசிப் பைகளெல்லாம் சப்பையாகக் கிடந்தன. ஆராதனை முடிந்ததும் ஆபிரகாம் எழுந்து நின்று, இந்த வருஷம் அசனத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். கேட்ட தொனியில், யாராவது வேண்டாம் என்று சொல்லுங்களேன் என்கிற கெஞ்சல் இருந்தது.

ஆண்கள் பக்கத்தில் தனசீலன் எழுந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி நிறுத்தணும்? நம்ம வீட்டுல ரெண்டு டின் அரிசி சும்மாதான் கெடக்கு. எடுத்துக்கிடுங்க. கர்த்தர் குடுத்தது கர்த்தருக்கு."

பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள் ஏஞ்சலம்மாளின் முகம் எரிந்தது. சும்மா கிடக்கிறது. ஒன்பது மாசம் இரண்டு வேளையும் அவள் விழுங்காத சோறு, சும்மா கிடக்கிறது. கர்த்தர் கொடுத்ததாம். கர்த்தர் வந்து மைலோ இடித்தாரா? கோயிலுக்குள் பெண்பிள்ளை வாய் திறக்கிற வழக்கம் இல்லை.  ஆண்கள் பக்கம் முழுக்கத் திரும்பித் தனசீலனைப் பார்த்தது. அவர் நெஞ்சு ஒரு சாண் வெளியே வந்துவிட்டது. உபதேசியார் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார். ஏஞ்சலம்மாள் பெயர் அந்த ஜெபத்தில் வரவில்லை.

வெளியே வந்ததும் சந்து முனையில் நிறுத்தினாள்.

"இங்கேருங்க. அது பிள்ளையளுக்கு மழைக்கு வச்சிருக்கது. போய் இல்லைன்னு சொல்லிருங்க."

"நீ என்னட்டி, சபையில சொன்ன வார்த்தையத் திருப்பி எடுக்கச் சொல்லுத? என் மானம் என்னத்துக்கு ஆவும்?"

"உங்க மானத்தப் பொங்கிப் போட்டா பிள்ளைய திங்குமா?"

"கர்த்தருக்குன்னு சொல்லியாச்சு. கர்த்தர் தருவாரு. அவ்வளவுதான், முடிஞ்சுது."

"கர்த்தருக்கு நான் தினம் ஒரு பிடி குடுத்துட்டுத்தான் இருக்கேன். அதுக்கு மேல அவரு கேக்கல. நீங்கதான் கேட்டிய."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார். 

அசனத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் ரேஷன் கடை வரிசையில் நின்ற நேரம் பார்த்து வந்தார்கள். ஆபிரகாமும் கமிட்டிக்காரர் நாலு பேரும். இரண்டு டின்னுக்கு ஐந்து ஆம்பிளை. இரண்டு பேர் தூக்க, ஒருவர் கதவைப் பிடிக்க, ஒருவர் வழி விலக்க, ஆபிரகாம் மேற்பார்வை பார்க்க. கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்துக் கொடுத்தவர் தனசீலன். சைனப் தன் வாசலில் நின்று கேட்டாளாம், "அண்ணே, யக்கா வரட்டுமே" என்று. "இது எங்க சபைக் காரியம் தாயி" என்று ஆபிரகாம் அன்பாகச் சொன்னாராம். அன்பாகச் சொன்னதுதான் சைனபுக்கு ஆறவில்லை.

ஏஞ்சலம்மாள் மைலோப் பையோடு திரும்பி வந்தபோது கட்டிலுக்கு அடியில் இரண்டு சதுரம் மட்டும் தூசியில்லாமல் பளிச்சென்று இருந்தன. நடுவில் ஒரு காய்ந்த மிளகாய். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கோயில் முற்றத்தில் சமையல். வெயிலுமுத்து என்று ஒரு கூலிச் சமையல்காரர். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது. ஆபிரகாம் பக்கத்தில் விரித்த பாயில் டின்னைக் கவிழ்த்துக் கொட்டினார். பேப்பரும் வேப்பிலையும் அரிசியும் ஒன்றாக விழுந்தன. வெயிலுமுத்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது மூணு ரகம்லா இருக்கு. வச்ச அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுவோமா?"

"அரிசி அரிசிதானவே. பேப்பரை எடுத்துட்டு உலையில போடும். மணியாவுது."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அந்தக் கோபத்திலும் சொல்லியிருப்பாள், ஏனென்றால் அரிசி பாழாவதை அவளால் பார்க்க முடியாது. கேட்கவில்லை. பச்சை கூழாகிவிட்டது. புழுங்கல் பாதி வெந்தது. சிவப்பு அப்படியே சரளைக்கல். பந்தியில் முதல் வாய் வைத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது ஜெயசீலி சொன்னாள், கிசுகிசுக்கிற குரலில், ஆனால் பந்தி முழுக்கக் கேட்கும்படி. "பிசினாறி வீட்டு அரிசில்லா. கர்த்தருக்கும் புழுத்ததத்தான் குடுத்திருக்கா."

ஏஞ்சலம்மாள் அதையும் கேட்டாள். எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்தது அதற்குப் பிறகு, அண்டாவில் பாதிச் சோற்றை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் ஓடுகிற நாலாவில் கவிழ்த்தபோது. சாக்கடைக் கறுப்பில் வெள்ளையாகவும் சிவப்பாகவும் மிதந்து போனது ஒன்பது மாசம்.   அந்த நேரத்தில் யாராவது கைக்கு எட்டியிருந்தால் நடந்திருக்கக்கூடியதே வேறு. நல்லவேளையாக ஒருவரும் எட்டவில்லை. வீட்டுக்குப் போனாள். பழைய உள்பாவாடை ஒன்றைக் கிழித்து ஒரு பை தைத்தாள்.

ஜூன் முதல் வாரம் மழை இறங்கியது. கிடங்கில் தோல் நனைந்து நாறியது, வேலை நின்றது. அடுத்த நாள் காலை, உலை வைக்கிற நேரம் பார்த்து, ஏஞ்சலம்மாள் தலையில் ஒரு கோணிச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஆபிரகாம் வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே ஜெயசீலி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என்ன ஏஞ்சலு, மழையில?"

"உலையில அரிசி போடுதீயளா மைனி?"

"ஆமா. ஏன்?"

"கோயிலுக்கு ஒரு பிடி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"எனக்கு ஒரு பிடி எடுங்க."

ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. "சும்மா காலிபீலி வெளையாடாத. பிச்சையா கேக்க?"

"பிச்சைன்னா நீங்க இல்லைன்னு சொல்லலாம். இதுக்குச் சொல்ல முடியாது. உங்க வீட்டுக்காரரு நான் இல்லாத நேரம் என் வீட்டுக்குள்ள வந்து கட்டிலுக்கு அடியில கைய விட்டு எடுத்தாரு. நான் இருக்க நேரமாப் பாத்து வந்து வாசல்ல நின்னு கேக்கேன். எது மரியாதைன்னு நீங்களே சொல்லுங்க."

"அது கர்த்தருக்குக் குடுத்தது."

"கர்த்தரு தின்னாரா? நாலாவில கொட்டினதை அவரு தின்னாரா?"

  பக்கத்துக் கோலிக் கதவு இரண்டு திறந்துகொண்டன. உள்ளேயிருந்து ஆபிரகாம், "யாரு வாசல்ல?" என்று கேட்டார்.  ஜெயசீலி எழுந்துபோய் ஓரமாக இருந்த டப்பாவிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்து நீட்டினாள். ஏஞ்சலம்மாள் அதைப் பார்த்தாள். நொய்.

"இது கோழிக்குள்ளது மைனி. உங்க உலையில விழப்போறதுல ஒரு பிடி. களைஞ்சு ஈரமா இருந்தாலும் சரி, வீட்டுல போய்க் காயவச்சுக்கிடுதேன்."

களைந்த அரிசியிலிருந்து ஒரு பிடி வந்தது. பையில் விழுந்தது. "நாளைக்கும் இதே நேரம் வருவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

ஐந்து வீடு. டின் தூக்க வந்த ஐந்து பேர் வீடு. ஒருநாள் தவறவில்லை. முழங்கால் தண்ணீரிலும் வந்தாள். ஒரு பிடிக்கு மேல் கொடுத்தால் திருப்பிக் கொட்டினாள், குறைத்தால் நின்றாள். கதவைச் சாத்திப் பார்த்தார்கள். மழையில் வாசலில் நிற்பாள், சத்தம் போடமாட்டாள், தட்டமாட்டாள். சந்தில் போகிறவர்கள் "என்ன ஏஞ்சலு?" என்று கேட்பார்கள். "அரிசிக்கு நிக்கேன்" என்பாள். கேட்டவர்கள் நின்று முழுக் கதையையும் கேட்பார்கள். அதற்கு ஒரு பிடி அரிசியே மேல் என்று கதவு திறக்கும்.

கமிட்டி ஆம்பிளைகள் உபதேசியாரிடம் போனார்கள். உபதேசியார் நம்பிராஜன், வயசானவர், சாந்தமானவர். அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை ஏன்மா நீ முதல்லயே சொல்லல?" என்றார்.

"ஜெபத்துல அவரு பேரைச் சொன்னீங்களே ஐயா. அரிசி யாருதுன்னு நீங்க அப்ப கேட்டீங்களா?"

உபதேசியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் கோயில் தலையிடவில்லை.

ஆகஸ்டில் ஜெயசீலி வாசலில் அவளுக்காகக் கிண்ணத்தில் அரிசியோடு தயாராக நின்றாள். அதற்குக் காரணம் பாசம் இல்லை, அப்படியெல்லாம் நினைத்துவிட வேண்டாம். அவள் வீட்டிலும் டப்பா காலியாகிக்கொண்டிருந்தது. புருஷன் யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பிடியைப் போட்டுவிட்டு, முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு கேட்டாள். "அந்த மைலோக்களி எப்படிக் கிண்டுத?"

"தோலு போக இடிக்கணும். சலிச்சு, கருப்பட்டித் தண்ணி கொதிக்கையில போடணும். வீட்டுக்கு வாங்க, காட்டுதேன்" என்றாள் ஏஞ்சலம்மாள். பிசினாறி என்ற பேச்சை எடுக்கவில்லை. மறந்தும் விடவில்லை.

அந்த மழையில் பிள்ளைகள் இரண்டும் பசை வாளிப் பக்கம் போகவில்லை. தனசீலன்தான் கொஞ்சம் மெலிந்தார். மனக்கவலை என்று சபையார் பேசிக்கொண்டார்கள். செப்டம்பரில் தோல் காய ஆரம்பித்த அன்று அவள் ஐந்து வீட்டுக்கும் போய், "நாளையிலேருந்து வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்லாமல் நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கல்யாண் பந்தியில் கேட்டதை சைனப் மறுநாளே கொண்டுவந்து கொட்டினாள். ஏஞ்சலம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் புது டின் இரண்டு. இரண்டுக்கும் பூட்டு. சாவி கழுத்துக் கயிற்றில், சிலுவைக்குப் பக்கத்தில்.

"பாட்டுப் பாடிக்கிட்டே போனியளாம் யக்கா. கோயில் பையோட. நாப்பது வீடாம், பிச்சையாம். நான் சொன்னேன், அப்படியில்லை, அஞ்சே வீடுதான்னு."

ஏஞ்சலம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீயும் தப்பாத்தான் சொல்லிருக்க. பாட்டும் இல்ல, பிச்சையும் இல்ல, கோயில் பையும் இல்ல. அது என் உள்பாவாடை. வீடு நாப்பதும் இல்ல, அஞ்சும் இல்ல, ஆறு. அஞ்சு பேரு தூக்கினாங்க, ஒருத்தரு இழுத்துக் குடுத்தாருல்லா? அந்த மழை முழுக்க அவரு தட்டுல போடுத சோத்துக்கும் தினம் ஒரு பிடி அரிசி குறைச்சேன். அடுத்த தடவை எவளாவது கேட்டா, ஆறுன்னு சொல்லு."